தாடியஸ் ஸ்டீவன்ஸ்: 14ஆவது திருத்தத்தை எழுதியவரா, நிறைவேற்றியவரா?

கேள்வி இதுதான்: அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தத்தை எழுதியவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்று ஓரிடத்தில் இருக்கிறது, எழுதியவர் வேறொருவர், ஸ்டீவன்ஸ் வெறும் மேடைப் பேச்சாளர் என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. எது சரி? அவர் வக்கீல் தொழில் பார்த்தது சபையில் எந்த அளவுக்குக் கைகொடுத்தது?

இரண்டும் பாதிப் பாதி. அந்தத் திருத்தத்தின் புகழ்பெற்ற முதல் பிரிவில், எந்த மாநிலமும் யாருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்ற வாசகம் ஒஹையோ உறுப்பினர் ஜான் பிங்கமின் கை. (இந்திய அரசியல் சட்டத்தின் 14ஆவது பிரிவில் வரும் 'சட்டங்களின் சமமான பாதுகாப்பு' அங்கிருந்து வந்ததுதான், இரண்டிலும் எண் 14 என்பது தற்செயல்.) ஸ்டீவன்ஸ் செய்தது, அதைப் பிரதிநிதிகள் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு கரை சேர்த்தது. அவரை வெறும் பேச்சாளர் என்பதுதான் பெரிய தவறு. நாக்கு கூர்மையானது, உண்மை. ஆனால் அவருடைய ஆயுதம் பேச்சு இல்லை, சபை விதி. யார் பெயரை வாசிப்பது, எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போவது, விவாதத்துக்கு எத்தனை நிமிடம் என்பதையெல்லாம் ஒரு வக்கீல் பத்திரத்தைப் படிப்பதுபோல் படித்தவர். விதி உதவிய இடங்களில் ஜெயித்தார். விதியால் எதுவும் ஆகாத இடத்தில், அதாவது நிலத்தில், தோற்றார்.

பெயரைப் பற்றி ஒரு வரி. விவிலியத்தில் வரும் ததேயுதான் ஆங்கிலத்தில் தாடியஸ். தாடி கிடையாது, தலைமுடியும் கிடையாது. நோய் ஒன்றில் முடி முழுவதும் கொட்டிப்போய், வயசானகாலம் வரைக்கும் செம்பழுப்பு விக் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார். ஞாபகார்த்தமாக ஒரு கற்றை முடி கேட்ட பெண்மணியிடம் விக்கையே கழற்றி நீட்டினார் என்று ஒரு கதை உலவும்.

பிறந்தது 1792 ஏப்ரல் 4, வெர்மான்ட் மாநிலம் டான்வில். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்தது. செருப்புத் தைக்கும் தகப்பன் நான்கு பிள்ளைகளையும் மனைவியையும் விட்டுவிட்டுப் போய்விட்டார். தாய் சாரா, மகன் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதற்காகவே பக்கத்து ஊரான பீச்சமுக்குக் குடிபெயர்ந்தார். 1814இல் டார்ட்மவுத் கல்லூரிப் படிப்பு முடிந்தது. பிறகு பென்சில்வேனியாவில் யார்க் நகரில் வாத்தியார் வேலை, ராத்திரியில் சட்டப் படிப்பு. அங்கேதான் முதல் முட்டுக்கட்டை: சட்டம் படிக்கும் காலத்தில் வேறு தொழில் பார்த்தவருக்கு அனுமதி இல்லை என்று யார்க் வக்கீல்கள் விதி வைத்திருந்தார்கள். அவர் எல்லை தாண்டி மேரிலாந்தில் பெல் ஏர் என்ற சிற்றூருக்குப் போய், 1816இல் அங்கே தேர்வு எழுதாமல் வாய்மொழியாகவே வக்கீல் சன்னது வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தேர்வாளர்களுக்கு மதேரா ஒயின் வாங்கிக் கொடுப்பதுதான் தேர்வின் முக்கியப் பகுதி என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பாராம். ஒரு விதி வழியை அடைத்தால், அதே காரியத்துக்கு வேறு விதி எங்கே திறந்திருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

அதே வருஷம் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் போர்டு மாட்டினார். முதல் வருஷம் ஈ ஓட்டல். 1817இல் ஒரு கொலை வழக்கில் குற்றவாளிக்குச் சித்தப்பிரமை என்று வாதாடினார். அந்தக் காலத்தில் அது அபூர்வமான வாதம். கட்சிக்காரர் தூக்கில் தொங்கினார், வக்கீலுக்குப் பெயர் கிடைத்தது. மாநில உச்ச நீதிமன்றத்தில் அவர் நடத்திய முதல் பத்து வழக்குகளில் ஒன்பதில் வெற்றி.

அந்த ஒன்பதில் ஒன்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் நெருஞ்சி முள். 1821ஆம் ஆண்டு, பட்லர் எதிர் டெலப்ளேன். சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண், மேரிலாந்துக்காரர் ஒருவரின் அடிமை. பென்சில்வேனியாவில் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிமாநில அடிமையை ஒருவர் ஆறு மாதம் அங்கே வைத்திருந்தால் அந்த ஆளுக்கு விடுதலை. சாரிட்டியை வேலைக்கு வைத்திருந்தவர்கள் அவரைப் பென்சில்வேனியாவுக்குப் பலமுறை அழைத்து வந்திருந்தார்கள். நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம் தேறும் என்பது சாரிட்டியின் வாதம். கூட்டக் கூடாது, ஆறு மாதமும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது எதிர்வாதம். அந்த எதிர்வாதத்தை வைத்து, அடிமை உரிமையாளருக்காக ஜெயித்துக் கொடுத்தவர் ஸ்டீவன்ஸ். சாரிட்டியும் அவர் பிள்ளைகளும் அடிமைகளாகவே இருந்தார்கள்.

இதை மூடி மறைக்கும் நூல்களும் உண்டு, இதையே பிடித்துக்கொண்டு அவரை நடிகர் என்பவர்களும் உண்டு. நடந்தது என்னவென்றால், அதன்பிறகு அவர் அடிமை உரிமையாளர் பக்கம் அப்படி நின்றதாகப் பதிவு இல்லை. 1823 ஜூலை 4 விருந்தில், அடுத்த ஜனாதிபதி எந்த மனிதனுக்கும் விலங்கு பூட்டாதவராக இருக்கட்டும் என்று கோப்பையை உயர்த்தினார். 1838இல் பென்சில்வேனியாவின் புதிய அரசியல் சட்டம் ஓட்டுரிமையை வெள்ளையருக்கு மட்டும் என்று சுருக்கியபோது, அதை எழுதிய மாநாட்டில் உறுப்பினராக இருந்தும் கையெழுத்துப் போட மறுத்தார்.

மாநிலச் சட்டசபைக்கு வந்தது 1833இல். அவருக்குப் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்தது இலவசப் பள்ளி விவகாரம். 1809ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தை அரசு கட்டும். ஆனால் பெற்றோர் 'நாங்கள் ஏழைகள்' என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் வருவதற்குப் பயந்தே பலர் பிள்ளைகளை அனுப்பவில்லை. 1834இல் வந்த சட்டம் வரிப்பணத்தில் எல்லோருக்கும் பொதுப் பள்ளி என்றது. அடுத்த வருஷமே, வரி கட்ட மாட்டோம் என்ற எதிர்ப்பில், மாநில செனட் அதை ரத்து செய்ய ஓட்டுப் போட்டுவிட்டது. 1835 ஏப்ரல் 11 அன்று கீழ்ச்சபையில் ஸ்டீவன்ஸ் எழுந்தார். 'என் பிள்ளை படிக்காத பள்ளிக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்?' என்று கேட்ட விவசாயிக்கு அவர் சொன்ன பதிலின் சாரம்: நீ நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் வரி கட்டுகிறாய், அதில் ஒன்றையாவது நீ பயன்படுத்தியதுண்டா? குற்றவாளியை அடைக்கக் கட்டும் காசைப் பிள்ளையைப் படிக்க வைக்கக் கட்டுவதில் என்ன நஷ்டம்? ரத்து மசோதா விழுந்தது, பள்ளிச் சட்டம் நின்றது.

இனி 1838. 'பக்‌ஷாட் போர்' என்று கேலியாகச் சொல்வார்கள். துப்பாக்கி ரவையின் பெயர். ஸ்டீவன்ஸ் பிற்பாடு செய்ததைப் புரிந்துகொள்ள இது தேவை. 100 பேர் கொண்ட பென்சில்வேனியா கீழ்ச்சபையில், தகராறில்லாத இடங்களில் ஜனநாயகக் கட்சிக்கு 48, ஸ்டீவன்ஸ் அணிக்கு 44. மீதி எட்டும் பிலடெல்பியா கவுண்டி. அங்கிருந்து இரண்டு முடிவுப் பட்டியல்கள் வந்தன. பட்டியலைச் சபைக்கு அனுப்ப வேண்டிய மாநிலச் செயலர் ஸ்டீவன்ஸ் அணிக்காரர். தம் கட்சி ஜெயித்ததாகச் சொன்ன பட்டியலை மட்டும் அனுப்பினார். டிசம்பர் 4 அன்று ஹாரிஸ்பர்கில் ஒரே மண்டபத்தில் இரண்டு சபாநாயகர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கூட்டம் செனட் அறைக்குள் புகுந்தது. கால் ஊனமான ஸ்டீவன்ஸ் உட்பட மூவர் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார்கள். ஆளுநர் படையை வரவழைத்தார்.

கடைசியில் கணக்கு உதைத்தது. ஸ்டீவன்ஸ் அணியிலிருந்தே மூன்று பேர் அந்தப் பக்கம் போனார்கள். 48உடன் 3 சேர்ந்தால் 51. தகராறான எட்டு இடங்கள் இல்லாமலே எதிரணிக்குப் பெரும்பான்மை. செனட்டும் அவர்களை அங்கீகரித்தது. அந்தச் சபைக்குள் போக மறுத்து வெளியே இருந்த ஸ்டீவன்ஸின் இடமே காலி என்று அறிவிக்கப்பட்டது. இடைத்தேர்தலில் மறுபடி ஜெயித்து வந்தார். பாடம் தெளிவு: பட்டியலை வாசிப்பவர் கையில் இருந்தால் மட்டும் போதாது, பின்னால் தலைகளும் எண்ணிக்கையாக நிற்க வேண்டும்.

1842இல் லங்காஸ்டர் நகருக்குக் குடிபோனதற்குக் காரணம் கடன். கூட்டாளியோடு நடத்திய இரும்பு உலைத் தொழில் 2 லட்சம் டாலருக்கு மேல் கடனில் தள்ளியது. லங்காஸ்டர் பணக்கார ஊர், வழக்குகள் கொழித்தன. வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் டாலர் சம்பாதித்துக் கடனை அடைத்துக்கொண்டே வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டை நிர்வகித்தவர் லிடியா ஹாமில்டன் ஸ்மித், கலப்பினப் பெண், இரண்டு மகன்களின் தாய். இருபது வருஷம் அந்த வீட்டில் இருந்தார். ஊர் வம்பு பேசியது. ஸ்டீவன்ஸ் அவரை எல்லோர் முன்னிலையிலும் 'மிஸஸ் ஸ்மித்' என்றே அழைத்தார். வேலைக்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் காலத்தில் அது சாதாரணம் இல்லை.

1849இல் அமெரிக்கக் காங்கிரசுக்குப் போனார். 1850இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம், பிடிக்க வரும் அதிகாரிக்குப் பொதுமக்களும் உதவ வேண்டும் என்றது. 1851 செப்டம்பர் 11 அன்று லங்காஸ்டர் கவுண்டியில் கிறிஸ்டியானா என்ற ஊரில், தம் அடிமைகளைப் பிடிக்க வந்த மேரிலாந்து உரிமையாளர் எட்வர்ட் கோர்சச் கொல்லப்பட்டார். 38 பேர் மேல் தேசத்துரோக வழக்கு. முதலில் விசாரணைக்கு வந்தவர் காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளைக்கார மாவுமில்காரர். அவர் யாரையும் அடிக்கவில்லை. அதிகாரிக்கு உதவ மறுத்தார், அவ்வளவுதான்.

வழக்கின் உத்தியை வகுத்தவர் ஸ்டீவன்ஸ். ஆனால் ஜூரி முன் கடைசி வாதத்தை ஜான் ரீட் என்ற வக்கீலிடம் விட்டுவிட்டுத் தாம் பின்னால் உட்கார்ந்துகொண்டார். தீவிர அடிமை எதிர்ப்பாளர் என்ற தம் முத்திரை கட்சிக்காரர் மேல் ஒட்டக் கூடாது என்பதே காரணம். சட்டப்புள்ளி இது: அரசியல் சட்டத்தில் தேசத்துரோகம் என்றால் நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பது. ஒரு குறிப்பிட்ட ஆளைக் காப்பாற்ற எதிர்ப்பது குற்றமாகலாம், போர் ஆகாது. நீதிபதி க்ரியர் அடிமை எதிர்ப்பாளர்கள் மேல் கடும் வெறுப்புள்ளவர், அவரே இந்தப் புள்ளியை ஜூரிக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. 15 நிமிடத்தில் விடுதலை. இதற்கு விலை, அடுத்த தேர்தலில் சொந்தக் கட்சியான விக் கட்சி அவருக்கு சீட் கொடுக்கவில்லை.

ரிபப்ளிகன் கட்சி சார்பில் 1859இல் மறுபடி வந்தார். உள்நாட்டுப் போர்க்காலத்தில் வழிவகைக் குழுத் தலைவர். அன்று வரி போடுவதும் செலவுக்கு ஒதுக்குவதும் அந்த ஒரே குழுவின் வேலை. போருக்கு வேண்டிய பணம் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். 1861இல் 800 டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 3 சதவீத வரி, 1862 பிப்ரவரியில் 15 கோடி டாலருக்குக் காகிதப் பணம். காகிதப் பணச் சட்டத்தில் செனட் ஒரு திருத்தம் சேர்த்தது: கடன் பத்திர வட்டியை மட்டும் தங்கமாகக் கொடுக்க வேண்டும். ஸ்டீவன்ஸ் கொதித்தார். சிப்பாய்க்குக் காகிதம், வங்கிக்காரனுக்குத் தங்கம் என்று இரண்டு பணமா என்பது அவர் கேள்வி. தோற்றார், ஆனால் மசோதாவை விழவிடவில்லை. இந்தக் குணம் மறுபடி வரும். இடையில் 1863 ஜூன் 26 அன்று, கெட்டிஸ்பர்க் போருக்குச் சில நாள் முன்னால், தென்பகுதித் தளபதி ஜூபல் ஏர்லியின் ஆட்கள் அவருடைய காலிடோனியா இரும்பு உலையைத் தேடிப்பிடித்து எரித்தார்கள். அவர் எழுதிய கடிதத்தில், வேலை இழந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு என்ன செய்வது என்ற கவலைதான் தெரிகிறது.

இப்போது 1865 டிசம்பர் 4. ஹாரிஸ்பர்க் கூத்துக்குச் சரியாக 27 வருஷம், அதே தேதி.

லிங்கன் இறந்து ஆண்ட்ரூ ஜான்சன் ஜனாதிபதி. அவர் தாராளமாக மன்னிப்பு வழங்கியதால், தோற்ற தென்மாநிலங்கள் தேர்தல் நடத்தி ஆட்களை அனுப்பிவிட்டன. கான்ஃபெடரசியின், அதாவது பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டணியின், முன்னாள் தலைவர்களும் அதில் உண்டு. அவர்களை உள்ளே விட்டபிறகு வெளியேற்றுவது கடினம். ஒவ்வொரு சபையும் தன் உறுப்பினர்களின் தேர்தல் செல்லுமா என்று தானே முடிவு செய்யலாம் என்கிறது அரசியல் சட்டம். ஆனால் கூட்டத்தொடரின் முதல் நாள் காலையில் 'சபை' என்று ஒன்றே கிடையாது. சபாநாயகர் இல்லை, விதிகள் இல்லை. முந்தைய சபையின் குமாஸ்தா, அதாவது கிளார்க், மேடையில் நின்று பெயர்ப் பட்டியலை வாசிப்பார். பட்டியலில் இருப்பவர்தான் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடலாம். பட்டியலில் இல்லாதவருக்குப் பேசவே உரிமை இல்லை. 'என் பெயர் ஏன் இல்லை' என்று கேட்கவும் முடியாது. ஓட்டை அந்த இடத்தில்தான் இருந்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாகச் சான்று காட்டுபவரை மட்டுமே கிளார்க் பட்டியலில் சேர்க்கலாம் என்றிருந்தது. எது முறை என்பதை முதலில் தீர்மானிப்பவர் கிளார்க்.

கிளார்க் யார்? எட்வர்ட் மெக்பெர்சன், கெட்டிஸ்பர்க்காரர், ஸ்டீவன்ஸிடம் சட்டம் படித்தவர்.

சனிக்கிழமை, டிசம்பர் 2, கட்சிக் கூட்டத்தில் எல்லாம் முடிவாயிற்று. திங்கள் பகல் மெக்பெர்சன் வாசிக்கத் தொடங்கினார். டென்னசி வந்த இடத்தில் அந்த மாநிலத்தைத் தாண்டிப் போனார். ஹொரேஸ் மேனார்ட் எழுந்தார். எதிரணிக்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது: டென்னசிக்காரர், போர் முழுவதும் ஒன்றியத்தின், அதாவது வடக்கு அரசின், பக்கம் நின்றவர், கையில் சான்றிதழ். அவருக்கே இடமில்லை என்றால் அநியாயம் பளிச்சென்று தெரியும். மெக்பெர்சன், பட்டியல் வாசிக்கும்போது குறுக்கீடு கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். வாசித்து முடித்தபோது மேனார்டுக்குப் பேச உரிமை இல்லை, ஏனென்றால் அவர் பெயர் பட்டியலில் இல்லை. நியூயார்க் ஜனநாயகக் கட்சிக்காரர் ஜேம்ஸ் ப்ரூக்ஸ் சத்தம் போட்டார். ஓட்டு எண்ணிக்கை ஸ்டீவன்ஸ் பக்கம் மலைபோல் இருந்தது. சபாநாயகர் தேர்வானதும் ஸ்டீவன்ஸ் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்: 15 பேர் கூட்டுக்குழு, கீழ்ச்சபையிலிருந்து 9, செனட்டிலிருந்து 6, தென்மாநிலங்களைச் சேர்ப்பது பற்றி இந்தக் குழு விசாரிக்கட்டும். 1838இல் இல்லாதது இப்போது இருந்தது. இரண்டு சபையிலும் பெரும்பான்மை, அணி மாறப் போகிற மூன்று பேர் இல்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? உணர்ச்சிக்கு அப்பால் ஒரு கூட்டல் கணக்கு இருந்தது. பழைய அரசியல் சட்டப்படி, ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர் என்பதற்கு மக்கள்தொகையை எண்ணும்போது அடிமையை ஐந்தில் மூன்று ஆளாகச் சேர்ப்பார்கள். 1860 கணக்கெடுப்பில் அடிமைகள் ஏறத்தாழ 39.5 லட்சம், கணக்கில் வந்தது 23.7 லட்சம். அடிமைமுறையை ஒழித்த 13ஆவது திருத்தம் நிறைவேறியபின் அவர்கள் முழு ஆட்கள். கூடுதலாக 15.8 லட்சம் பேர். அன்று ஓர் உறுப்பினருக்கு ஏறத்தாழ 1,27,000 பேர் என்பது அளவு. வகுத்துப் பாருங்கள், 12 இடங்கள். கறுப்பினத்தவருக்கு ஓட்டு இல்லை. அவர்கள் தலைக்கணக்கில் வரும் இடங்களில் உட்காரப் போவது பழைய முதலாளிகள். போரில் தோற்றவனுக்குச் சபையில் கூடுதல் பலம் என்ற விசித்திரம்.

இதைத் தடுப்பதுதான் 14ஆவது திருத்தத்தின் இரண்டாம் பிரிவு. இன்று எல்லோரும் முதல் பிரிவைப் பேசுகிறார்கள். அன்று சண்டை முழுக்க இரண்டிலும் மூன்றிலும். வந்த பாதையும் நேர்ப்பாதை இல்லை.

முதல் முயற்சி 1866 ஜனவரி 31. இனத்தைக் காட்டி ஓட்டு மறுக்கும் மாநிலத்தில் அந்த இனத்தவரை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்ற தனித் திருத்தம் கீழ்ச்சபையில் 120-46. செனட்டில் மார்ச் 9 அன்று 25-22. மூன்றில் இரண்டு கிடைக்கவில்லை. கவிழ்த்தது எதிரிகள் மட்டும் இல்லை. அடிமை எதிர்ப்பில் ஸ்டீவன்ஸுக்குச் சற்றும் குறையாத செனட்டர் சார்ல்ஸ் சம்னர், ஓட்டு மறுக்கலாம் என்பதை அரசியல் சட்டம் மறைமுகமாக ஒப்புக்கொள்வதாகும் என்று எதிர்த்தார். கொள்கையாகப் பார்த்தால் சம்னர் சொன்னது சரி. ஆனால் சம்னர் ஓட்டுகளை எண்ணிப் பார்க்கவில்லை. அது சிறுபிள்ளைத்தனமான, பண்டிதத்தனமான விமர்சனம் என்று ஸ்டீவன்ஸ் சபையிலேயே குமுறினார்.

பிறகு ராபர்ட் டேல் ஓவன் என்ற சீர்திருத்தவாதி ஒரு வரைவு கொண்டுவந்தார். 1876 ஜூலை 4 முதல் இனத்தைக் காட்டி ஓட்டு மறுக்கக் கூடாது என்பது அதில் ஓர் அம்சம். ஸ்டீவன்ஸுக்குப் பிடித்தது. குழுத் தலைவர் செனட்டர் ஃபெசன்டனுக்கு அம்மை கண்டு சில நாள் தாமதம். அதற்குள் பல மாநிலங்களின் உறுப்பினர்கள் கூடி, தேர்தல் வருஷத்தில் இது ஆகாது என்று கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் ஐந்து பிரிவுகள் கொண்ட வரைவு மே 10 அன்று 128-37. கான்ஃபெடரசிக்கு விரும்பி உதவியவர்களுக்கு 1870 வரை கூட்டரசுத் தேர்தலில் ஓட்டு இல்லை என்று அதன் மூன்றாம் பிரிவு சொன்னது. செனட் அதை வெட்டிவிட்டு, முன்பு பதவிப் பிரமாணம் எடுத்துவிட்டுக் கலகம் செய்தவர்களுக்குப் பதவி மட்டும் கிடையாது என்று தளர்த்தியது. இந்த நாட்டில் பிறந்த அனைவரும் குடிமக்கள் என்ற முதல் வாக்கியத்தைச் சேர்த்ததும் செனட்தான்.

ஜூன் 13 அன்று திருத்தம் கீழ்ச்சபைக்குத் திரும்பி வந்தபோது ஸ்டீவன்ஸ் பேசியது அவருடைய மிகச் சிறந்த பேச்சு என்பது என் கணிப்பு. அலங்காரம் எதுவும் இல்லை. ஒரு கட்டடத்தை அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டலாம் என்று கனவு கண்டேன், அது கலைந்தது, பழைய கட்டடத்தின் சில பகுதிகளை மட்டும் ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது என்றார். பிறகு ஏன் ஏற்கிறாய் என்று கேட்டால், நான் வாழ்வது மனிதர்களோடு, தேவதூதர்களோடு அல்ல என்பது பதில். 120-32. திருப்தியில்லாத ஒரு சட்டத்துக்குத் தானே ஓட்டுச் சேகரித்த மனிதர்.

நிலம் வேறு கதை. 1865 செப்டம்பர் 6 அன்று லங்காஸ்டரில் அவர் வைத்த திட்டத்தைக் கணக்காகவே தருகிறேன். கலகம் செய்த மாநிலங்களில் மொத்தம் 46.5 கோடி ஏக்கர். 200 ஏக்கருக்குள் வைத்திருக்கும் சிறு உடைமையாளர்களின் 7.1 கோடி ஏக்கரைத் தொட வேண்டாம். மீதி 39.4 கோடி ஏக்கர் சுமார் 70,000 பேரிடம். அதைப் பறிமுதல் செய்வது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட 10 லட்சம் வயதுவந்த ஆண்களுக்கு ஆளுக்கு 40 ஏக்கர், ஆக 4 கோடி ஏக்கர். மிச்சம் 35.4 கோடி ஏக்கரை ஏக்கர் 10 டாலருக்கு விற்றால் 354 கோடி டாலர். அதில் 30 கோடி போர் வீரர்களின் ஓய்வூதியத்துக்கு, 20 கோடி ஒன்றியத்துக்கு விசுவாசமாக இருந்து சொத்து இழந்தவர்களுக்கு, மற்றது தேசியக் கடனுக்கு. 90 சதவீதம் பேர் நிலத்தை ஒரு துளி தொடாமல் செய்யலாம் என்று காட்டுவதற்காகவே இத்தனை எண்கள்.

கணக்கில் பலவீனம் உண்டு: அவ்வளவு நிலம் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் 10 டாலர் யார் கொடுப்பார்? ஆனால் திட்டம் விழுந்தது அதனால் இல்லை. 1866 பிப்ரவரியில் அவர் கொண்டுவந்த நிலத் திருத்தம் 126-37 என்று தோற்றது. தோற்கடித்ததில் பெரும்பகுதி சொந்தக் கட்சிக்காரர்கள். ஓட்டுரிமை தருவது வேறு, சொத்தைப் பிடுங்கித் தருவது வேறு என்று வடக்கத்தி முதலாளிகள் நினைத்தார்கள். இன்று தோட்டக்காரன் நிலம் என்றால் நாளைக்கு ஆலைக்காரன் ஆலையா என்ற பயம். பருத்தி மறுபடி விளைய வேண்டும் என்ற அவசரம். பட்டியலை வாசிக்கும் கிளார்க்கும் விவாத நேரமும் கையில் இருந்து என்ன பயன்? ஓட்டே இல்லை. 1867 மார்ச் 19 அன்று மறுபடி ஒரு மசோதா கொண்டுவந்தார். அதுவும் சட்டமாகவில்லை.

அதே மாதம் 2ஆம் தேதி, ஜான்சனின் வீட்டோவை மீறி, பத்துத் தென்மாநிலங்களை ஐந்து ராணுவ மண்டலங்களாகப் பிரித்த சட்டம் நிறைவேறியிருந்தது. அன்றே நிறைவேறிய இன்னொன்று, செனட் ஒப்புதல் இல்லாமல் ஜனாதிபதி அதிகாரிகளை நீக்கக் கூடாது என்ற பதவிக்காலச் சட்டம். ஜான்சன் போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனை 1868 பிப்ரவரி 21இல் நீக்கினார். மூன்றே நாளில், 24ஆம் தேதி, பதவி நீக்கக் குற்றச்சாட்டுத் தீர்மானம் 126-47. அப்போது ஸ்டீவன்ஸுக்கு 75 வயது, நடக்க முடியாது. நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கி வருவார்கள். 'நீங்கள் இரண்டு பேரும் செத்துப்போனால் என்னை யார் தூக்குவார்கள்?' என்று அவர்களிடம் கேட்டதாகச் சொல்வார்கள்.

வழக்கில் ஓட்டை இருந்தது. அந்தச் சட்டம் அமைச்சருக்கு, தம்மை நியமித்த ஜனாதிபதியின் காலம் வரை என்றுதான் பாதுகாப்புத் தந்தது. ஸ்டான்டனை நியமித்தவர் லிங்கன். வக்கீலான ஸ்டீவன்ஸுக்கு இது தெரியாமலா இருக்கும்? அவருடைய 11ஆவது குற்றச்சாட்டு அதனால்தான் வேறு மாதிரி: காங்கிரசையே செல்லாது என்று பேசியது, சட்டங்களை நிறைவேற்ற விடாமல் தடுத்தது, ஸ்டான்டன் விவகாரம் எல்லாவற்றையும் ஒரே கயிறாகத் திரித்தது. எந்த இழை யாருக்குப் பிடிக்கிறதோ அதற்காக அவர் 'குற்றவாளி' சொல்லலாம். செனட்டில் 54 பேர், தேவை 36. மே 16 அன்று இந்த 11ஆவதைத்தான் முதலில் ஓட்டுக்கு விட்டார்கள். 35-19. ஓர் ஓட்டு.

ஜூலை 28 அன்று 14ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்ததாக அறிவிப்பு வெளியானது. ஆகஸ்ட் 11 நள்ளிரவில் ஸ்டீவன்ஸ் வாஷிங்டனில் இறந்தார். லிடியா ஸ்மித் கூட இருந்தார். காங்கிரஸ் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் உடலை வைத்தார்கள். ஹென்றி க்ளே, லிங்கன் இருவருக்குப் பிறகு அந்த மரியாதை இவருக்குத்தான். காவல் நின்றது கறுப்பின வீரர்களின் படைப்பிரிவு. இறந்தபின்பும் அந்தத் தேர்தலுக்கு லங்காஸ்டர் ரிபப்ளிகன்கள் அவர் பெயரையே வேட்பாளராக அறிவித்து மரியாதை செலுத்தினார்கள். கல்லறைக்கு அவர் தேர்ந்தெடுத்தது லங்காஸ்டரில் ஒரு சின்ன இடுகாடு. மற்ற இடுகாடுகளின் சாசனம் இனம் பார்க்கிறது, அதனால் இங்கே படுத்திருக்கிறேன் என்று கல்லில் எழுதச் சொல்லியிருந்தார்.

உயில்தான் வக்கீலின் கடைசி வேலை. லிடியா ஸ்மித்துக்கு ஆயுள் முழுக்க வருஷம் 500 டாலர், அல்லது மொத்தமாக 5,000. எது வேண்டுமோ அவரே தீர்மானிக்கலாம். சகோதரர் மகனுக்குக் குடிப்பழக்கம். அவருக்கு வருஷம் 800 டாலர். ஐந்து வருஷம் தொடர்ந்து குடிக்காமல் இருந்தால் சொத்தில் கால் பங்கு, இன்னும் ஐந்து வருஷம் இருந்தால் இன்னொரு கால், அதற்கு மேலும் ஐந்து என்றால் முழுவதும். அவர் அந்த நிபந்தனையை எட்டாமலே இறந்துபோனார். அப்படி நேர்ந்து, சொத்து 50,000 டாலருக்குக் குறையாமல் இருந்தால், லங்காஸ்டரில் அனாதைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் என்பது அடுத்த ஷரத்து. வழக்கு, இழுபறி எல்லாம் முடிந்து 1905இல் அது தொழிற்பள்ளியாக வந்தது. இன்றும் அவர் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரியாக நடக்கிறது. இனம், நிறம், மதம் பார்க்கக் கூடாது என்று மட்டும் எழுதி அவர் நிறுத்தவில்லை. பொதுவாக எழுதினால் பிற்பாடு எப்படி வளைப்பார்கள் என்று தெரிந்தவர். எல்லோருக்கும் ஒரே வகுப்பு, சாப்பாடு ஒரே மேஜையில் என்று தனியாக எழுதி வைத்தார்.